புதன்கிழமை வான்கோழி

அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமை ராத்திரி என்றால் பல வீடுகளில் டாக்கோதான், மெக்சிகோ பக்கத்து ரொட்டிக்குள் கறியை வைத்து மடித்துச் சாப்பிடுவது. ‘டாக்கோ டியூஸ்டே’ என்று அதற்குப் பெயரே உண்டு. டாக்கோ ஜான்ஸ் என்ற கடைக்காரர்கள் அந்தப் பெயரை 1989இல் தங்கள் வணிக முத்திரையாகப் பதிவு செய்து, 2023இல்தான் விட்டுக்கொடுத்தார்கள். டல்லாஸில் இருக்கும் என் தங்கச்சி வீட்டிலும் செவ்வாய்க்கு அதுதான். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் அது நடக்கிற காரியமா? செவ்வாயும் வெள்ளியும் அம்மா அடுப்பில் கறிச்சட்டி ஏற விடமாட்டாள், புரட்டாசி பிறந்துவிட்டால் மாதம் முழுக்கவே கிடையாது. அதனால் எங்களுக்கு டாக்கோ புதன்கிழமை.

டாக்கோ என்று சொன்னாலும், ஆளுக்கொரு சோள ரொட்டியை மடித்து, ஒவ்வொன்றாக நிரப்பி, முழங்கை வரை ஒழுகவிட்டுச் சாப்பிடுகிற சமாச்சாரம் இல்லை இது. அதே மசாலா, அதே கொத்துக்கறி, அதே சீஸ், எல்லாவற்றையும் ஒரே ட்ரேயில் அடுக்கி, ஓவனில் வைத்து எடுத்து, கரண்டியால் வெட்டிப் பரிமாறுவது. என் மனைவி ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள், வீட்டுக்கு வர எட்டரை ஆகும். மகள் டியூஷன் முடித்து ஏழரைக்கு வருவாள். மகனுக்கு ஏழு மணிக்கே பசி. அம்மாவுக்கு ஏழரை தாண்டினால் சாப்பாடு வேண்டாம். நான் கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறேன், ஐந்தேகாலுக்கு வீட்டில் இருப்பேன், ஆக வார நாள் ராத்திரிச் சமையல் என் பொறுப்பு. தோசை என்றால் ஒவ்வொருவர் வரும்போதும் கல்லுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். இந்த ட்ரே அப்படி இல்லை, ஏழு மணிக்கு எடுத்ததை எட்டரைக்குச் சாப்பிட்டாலும் நன்றாக இருக்கும். சொல்லப்போனால் கொஞ்சம் பொறுத்துச் சாப்பிட்டால்தான் நன்றாக இருக்கும். அந்த ஒரு குணத்துக்காகவே இதை எங்கள் வீட்டு வாடிக்கையில் சேர்த்துக்கொண்டேன்.

இனி வான்கோழி. நம் பக்கம் அது டிசம்பர் பறவை. பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது சிலர் சொல்லிவைத்து வாங்குவார்கள், மற்ற மாதங்களில் கடையில் தொங்கிப் பார்த்ததில்லை. சீவலப்பேரி ரோட்டில் தோப்பு வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி நாட்டுக்கோழியோடு சேர்த்து இதையும் வளர்க்கிறார். கிறிஸ்துமஸ் முடிந்து பொங்கலும் முடிந்தால் அவரிடம் விற்காமல் நிற்கும் சேவல்கள் இருக்கும், ஆறேழு கிலோ கனத்தில், தீவனத்தைத் தின்றுகொண்டு. விலையும் அப்போது இறங்கும். நான் வாங்குவது அந்தச் சமயத்தில்தான். முதலில் வாங்கப் போனபோதே அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார், “தம்பி, இதக் கொழம்பு வச்சா வீட்ல உங்கள ஏசுவாவ, பாத்துக்கிடுங்க.”

விற்கிற ஆளே இப்படிச் சொல்கிறார் என்றால் அதில் விஷயம் இருக்கிறது. வான்கோழி நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. தசை நாரோ நீளம். நம் குழம்பில் போட்டு அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் உள்ளே இருக்கிற ஈரமெல்லாம் குழம்புக்குப் போய்விடும், மிஞ்சுவது நார்தான். வாயில் மென்றுகொண்டே இருக்கலாம், உப்பும் உறைப்பும் வெளியில் நிற்கும், உள்ளே ஒன்றும் இறங்கியிருக்காது. கால் பக்கம் ஈரமும் ருசியும் கூட, ஆனால் கீழ்க்காலில் குச்சி குச்சியாகக் கடினமான தசைநாண்கள் இருக்கும், வயதான சேவலில் அவை எலும்புக்குச் சமமாக இறுகிப்போயிருக்கும். தெரிந்தவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் அன்றைக்கு வான்கோழிக் குழம்பு வைத்துவிட்டு, மறுநாள் சத்தமில்லாமல் பிராய்லர் வாங்கி வந்த கதையெல்லாம் எனக்குத் தெரியும். என் அபிப்பிராயம், இந்தப் பறவையைத் துண்டு போடவே கூடாது, கொத்திவிட வேண்டும். கொத்தினால் நாரின் நீளப் பிரச்சினை போயிற்று, மசாலா எல்லா இடத்திலும் ஒட்டும், பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும்.

யார் கொத்துவது என்பதுதான் அடுத்த கேள்வி. ஆட்டுக்கறிக் கடையில் புளியமரக் கட்டையில் வைத்து இரண்டு கத்தியால் கொத்திக் கொடுக்கிற மாதிரி அருமையான கொத்துக்கறி வேறெங்கும் வராது. எங்கள் கறிக்கடை பாயிடம் கேட்டுப் பார்த்தேன். “சார், வான்கோழிய நம்ம கட்டைல கொத்துனா, காத்து நிக்க ஆளுக என்னையக் கொத்திருவாவ,” என்று சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதனால் வீட்டில் மிக்சிதான்.

மிக்சியில் செய்வதற்கு ஒரு பக்குவம் உண்டு. எலும்பு நீக்கிய கறியை, நெஞ்சு பாதி தொடை பாதி என்று கலந்து, ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். உறையக்கூடாது, ஓரம் விறைக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். ஒரே ஓட்டமாக ஓடவிட்டால் சூடேறிக் கூழாகிவிடும், அதற்கப்புறம் அதை வைத்துக் கட்லெட் வேண்டுமானால் செய்யலாம். கழுத்துப் பக்கத் தொலியிலும் அதன் அடியிலும் கொஞ்சம் கொழுப்பு இருக்கும், அதைத் தூக்கிப் போடாமல் சேர்த்தே அரைத்துவிடுவேன். கால் தசைநாண்களை முன்னதாகவே குறடால் பிடித்து இழுத்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மிக்சி பிளேடில் சுற்றிக்கொள்ளும். இந்த வேலையை ஞாயிற்றுக்கிழமை முடித்து, அரை அரைக் கிலோவாகத் தட்டையான பொட்டலம் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுவது. புதன்கிழமை காலையில் ஒன்றை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு ஆபீஸ் போனால் சாயங்காலம் இளகியிருக்கும்.

வான்கோழி கிடைக்காவிட்டால் பிராய்லர் தொடைக்கறியில் தாராளமாகச் செய்யலாம்.

மசாலாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கிற அமெரிக்கக் குறிப்புகளை அப்படியே நம்பி இறங்கினால் நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ‘சில்லி பவுடர் 2 டேபிள்ஸ்பூன்’ என்று போட்டிருப்பார்கள். நம் வீட்டு வத்தல்பொடியை அந்த அளவில் அரைக் கிலோ கறிக்குப் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊர் சில்லி பவுடர் தனி மிளகாய்ப் பொடி இல்லை, உறைப்புக் குறைந்த மிளகாயோடு சீரகம், ஓரிகானோ, பூண்டு எல்லாம் சேர்ந்த கலவைப் பொடி. 1890களில் டெக்சாஸில் நியூ பிரான்ஃபெல்ஸ் என்ற ஊரில் இருந்த வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மன்காரர் இதைக் கடைச்சரக்காக்கிப் பிரபலப்படுத்தினார். மிளகாய் சீசன் முடிந்தாலும் வருடம் முழுக்கச் சமைக்கலாம் என்பதுதான் அதில் இருந்த வசதி. டாக்கோ மசாலா என்று பாக்கெட்டில் வருவதும் இந்த வகையறாதான்.

அரைக் கிலோ கறிக்கு என் கணக்கு இது. காஷ்மீரி வத்தல்பொடி 2 டீஸ்பூன், அது நிறத்துக்கு. நம்மூர் வத்தல்பொடி அரை டீஸ்பூன், அது உறைப்புக்கு. சீரகம் 2 டீஸ்பூன், வெறும் சட்டியில் வறுத்து அப்போதே பொடித்தது. பாக்கெட் சீரகப்பொடி வேண்டாம், இந்த மசாலாவின் உயிரே வறுத்த சீரகம்தான். நல்லமிளகுப் பொடி அரை டீஸ்பூன். ஓரிகானோ 1 டீஸ்பூன். மல்லிப்பொடி அரை டீஸ்பூனுக்கு மேல் போகக்கூடாது, போனால் குழம்பு வாசம் வந்துவிடும். உப்பு ருசிக்கு, ஆனால் சீஸிலும் உப்பு இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு.

ஓரிகானோவுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பீட்சா வாங்கிய வீடுகளில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் குட்டிக் குட்டிப் பாக்கெட்டாக விழும், அது போதும். அதுவும் இல்லையென்றால் கொல்லையில் கற்பூரவல்லி இருக்கிறதா பாருங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஓரிகானோவுக்கு அந்த வாசத்தைத் தருகிற கார்வக்ரால் என்ற பொருள் கற்பூரவல்லியிலும் உண்டு, அந்த இலையைச் சில நாடுகளில் ஓரிகானோவுக்குப் பதிலாகவே சமையலில் போடுகிறார்கள். இரண்டு மூன்று இலையைப் பொடியாக நறுக்கி, தக்காளியோடு சேர்த்து வதக்கினால் போதும். அதற்கு மேல் போட்டால் சளிக்கஷாயம் ஞாபகம் வரும், பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள்.

போடக்கூடாதவையும் உண்டு. கறிவேப்பிலை, தேங்காய், கரம் மசாலா, சோம்பு, இஞ்சி. இதில் எதைப் போட்டாலும் தப்பில்லை, நல்ல கொத்துக்கறி வறுவல் கிடைக்கும், ஆனால் அது வேறு பதார்த்தம். எண்ணெயும் கடலை எண்ணெயாக இருக்கட்டும். நல்லெண்ணெய் ஊற்றினால் அதன் வாசம்தான் முன்னால் நிற்கும், சீரகம் பின்னால் போய்விடும். எங்கள் வீட்டில் எதற்கும் நல்லெண்ணெய் ஊற்றுகிற பழக்கம் என்பதால் இதை எனக்கே சொல்லிக்கொள்வது.

சமைக்கிற விதம். அகலமான இருப்புச்சட்டியை நன்றாகக் காயவைத்து இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, கறியைப் பரப்பிப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். போட்ட உடனே கிண்ட ஆரம்பித்தால் தண்ணீர் விட்டுக்கொண்டு வெள்ளை வெள்ளையாக வெந்துபோகும். மூன்று நான்கு நிமிடம் தொடாமல் விட்டால் அடிப்பக்கம் பழுப்பாகும், அந்தப் பழுப்புதான் ருசி. கொழுப்பில்லாத கறிக்கு இதை விட்டால் வேறு ருசி எங்கிருந்து வரும்? அப்புறம் திருப்பிப் போட்டு, கட்டிகளை உடைத்து, கறியை ஓரமாக ஒதுக்கி, நடுவில் பொடியாக நறுக்கிய பல்லாரி இரண்டு, தட்டிய வெள்ளைப்பூடு ஏழெட்டுப் பல், ஒரு குடமிளகாய். அவை வாடியதும் மசாலாப் பொடிகள், அரை நிமிடம் எண்ணெயில் புரளட்டும், கருகவிடாதீர்கள். உடனே அரைத்த தக்காளி, மூன்று பழம். மகாராஜநகர் உழவர் சந்தையில் நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து எடுத்தால் இதற்குச் சரியாக இருக்கும், கொஞ்சம் கனிந்து போனாலும் பரவாயில்லை. தக்காளி சுண்டி, சட்டியின் ஓரத்தில் எண்ணெய் தெரியும்போது, வேகவைத்த தட்டாம்பயறு ஒரு கப் சேர்த்துப் பாதியை மட்டும் கரண்டியால் மசித்துவிட வேண்டும்.

அங்கே கருப்பு பீன்ஸோ ராஜ்மாவோ போடுவார்கள். ராஜ்மா போடலாம், ஆனால் எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்கவைத்தாக வேண்டும். அரைவேக்காடாக இருந்தால் அதிலிருக்கும் லெக்டின் என்ற நச்சுப்பொருள் வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். புதன்கிழமை அவசரத்துக்குத் தட்டாம்பயறுதான் லாயக்கு, ஊறாவிட்டாலும் குக்கரில் ஐந்தாறு விசிலில் வெந்துவிடும்.

கறி வெந்ததா என்ற விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், கொத்திய கறியில் எல்லா இடத்துக்கும் கலந்துவிடும். கோழி இனம் எதுவானாலும் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் சூடு எட்ட வேண்டும் என்பது கணக்கு. தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் இளஞ்சிவப்பு துளியும் இல்லாமல், கசிகிற சாறு தெளிவாக வரும்வரை வதக்குங்கள். ஓவனில் வெந்துகொள்ளும் என்று விட்டுவிடக்கூடாது, ஓவன் இங்கே சூடுபடுத்தவும் சீஸை உருக்கவும்தான்.

அடியில் என்ன போடுவது என்பதில் எனக்கும் தங்கச்சிக்கும் தீராத வழக்கு. அவள் டார்ட்டியா என்ற சோள ரொட்டியைப் போடுகிறாள். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கரிசல் காடு முழுக்க மக்காச்சோளம்தானே, ஏன் ரொட்டி தட்டக்கூடாது என்று முதலில் எனக்கும் தோன்றியது. அந்தச் சோளத்தில் பெரும்பகுதி கோழித்தீவனமாகப் போகிறது, 2018இல் படைப்புழு வந்து காட்டையே சல்லடையாக்கியபோது கோழிப்பண்ணைக்காரர்களும் தவித்தார்கள். ஆனால் மக்காச்சோள மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் சேர்ந்து வராது, தட்டினால் விரியும், எடுத்தால் உடையும். மெக்சிகோக்காரர்கள் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, கழுவி, அதற்கப்புறம் அரைக்கிறார்கள். சுண்ணாம்பில் தொலி கழன்று வந்துவிடும், மாவும் பிசுபிசுப்புப் பிடித்துச் சேர்ந்து நிற்கும். சோளத்தில் உடம்புக்கு எட்டாமல் கிடக்கிற நியாசின் சத்தும் அதில்தான் விடுபடுகிறது. இந்த வித்தையைக் கற்காமல் சோளத்தை மட்டும் கொண்டுபோன ஐரோப்பிய ஊர்களில் ஏழைகள் வெறும் சோளத்தையே தின்று பெலாக்ரா என்ற நோயில் விழுந்தார்கள். அம்மாவின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிற சுண்ணாம்பும் அதே சரக்குதான், ஆனால் புதன்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஆரம்பிக்கிற வேலையா அது?

ஆகவே எங்கள் ட்ரேக்கு அடியில் மதியச் சோறு. மிஞ்சும் என்று தெரிந்தே காலையில் ஒரு கை கூட அரிசி போட்டுவிடுவோம். எங்கள் வீட்டில் புழங்குவது அம்பை 16. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1986இல் வந்த ரகம், குட்டையாக, குண்டாக இருக்கும். பிரியாணிக்கு ஆகாது, இதற்கு அதுதான் சரி, ஏனென்றால் அழுத்திப் பரப்பினால் அடியில் கெட்டியாக நிற்கும், வெட்டி எடுக்கும்போது சிதறாது. இரண்டரைக் கப் சோற்றில் ஒரு மூடி எலுமிச்சைச் சாறு, மல்லி இலை, கொஞ்சம் உப்பு பிசைந்து எண்ணெய் தடவிய ட்ரேயில் பரப்புங்கள். அதன் மேல் துருவிய சீஸ் ஒரு கை, மேலே கறி முழுவதும், அதன் மேல் கடையில் விற்கிற சோள சிப்ஸை உடைத்து ஒரு பரப்பு, கடைசியாக மிச்சச் சீஸ். மொத்தம் 200 கிராம் சீஸ் பிடிக்கும். மொசரெல்லா தனியாகப் போட்டால் நூல் நூலாக இழுபடும், ஆனால் உப்பும் புளிப்பும் பற்றாது. கட்டிச் சீஸ் தனியாகப் போட்டால் ருசி இருக்கும், இழுபடாது. இரண்டையும் பாதிப் பாதி துருவிக் கலந்துகொள்வது என் வழக்கம்.

கறி ட்ரேக்குள் போகும்போது ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் நிற்கக்கூடாது. நின்றால் சோறு குழைந்து பொங்கல் பதத்துக்கு வந்துவிடும்.

ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் இருந்தால் 180 டிகிரியில் 20 நிமிடம், கடைசி மூன்று நிமிடம் மேல் கம்பி மட்டும். ஓரத்தில் சோறும் சீஸும் சேர்ந்து முறுகியிருக்கும், அந்த ஓரத்துக்குத்தான் வீட்டில் போட்டி. ஓடிஜி இல்லாதவர்கள், அல்லது எங்கள் தெருவில் அடிக்கடி நடப்பது மாதிரி சரியாக ஆறரைக்குக் கரண்ட் போனவர்கள், அடிகனமான சட்டியில் இதே வரிசையில் அடுக்கி, அடுப்பில் தோசைக்கல்லை வைத்து அதன் மேல் சட்டியை ஏற்றி, இறுக்கமான மூடி போட்டு, தீயை முழுக்கக் குறைத்து 15 நிமிடம் விடலாம். மேலே சிவக்காது, ஆனால் சீஸ் உருகிவிடும், அடியில் காந்தல் பிடிக்கும், எனக்கு என்னமோ அந்தக் காந்தல்தான் பிடித்திருக்கிறது. இந்த முறையில் செய்தால் சோள சிப்ஸை உள்ளே போடாதீர்கள், ஆவியில் நமத்துவிடும். சாப்பிடும்போது மேலே நொறுக்கிப் போட்டுக்கொள்ளலாம்.

எடுத்ததும் வெட்டாமல் பத்து நிமிடம் விட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் மேலே போடுகிற பச்சைச் சாமான்களைத் தயார் செய்துவிடலாம். பல்லாரி, தக்காளி, பச்சைமிளகாய், மல்லி இலை எல்லாம் பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிந்தது. லெட்யூஸ் தேடி அலைய வேண்டாம், முட்டைக்கோஸை முடி அளவுக்கு மெலிசாகச் சீவினால் போதும், மெக்சிகோவிலேயே மீன் டாக்கோவுக்கு முட்டைக்கோஸ்தான் போடுகிறார்கள். புளித்த க்ரீமுக்குப் பதில் கெட்டித் தயிரைத் துணியில் கட்டி ஒரு மணி நேரம் குழாயில் தொங்கவிட்டு, உப்புப் போட்டு அடித்தது. கொடைக்கானல் பக்கத்து பட்டர் ஃப்ரூட் சந்தைக்கு வந்திருந்தால் அதுவும். இந்த மேல்சாமானை வேண்டாமென்று விட்டுவிடாதீர்கள். கீழே எல்லாம் சூடாக, கனமாக, மெத்தென்று இருக்கிறது, மேலே சில்லென்று, நறுக்கென்று, புளிப்பாக ஏதாவது வந்தால்தான் இரண்டாவது கரண்டி உள்ளே போகும். டாக்கோ என்ற பெயருக்கு இதில் நியாயம் செய்கிறது எது என்று கேட்டால் நான் மசாலாவைச் சொல்லமாட்டேன், இந்தப் பச்சைத் தூவலைத்தான் சொல்வேன்.

மெக்சிகோக்காரர் யாராவது பார்த்தால் இதை டாக்கோ என்று ஒப்புக்கொள்வாரா, மாட்டார். சீரகமும் கொத்துக்கறியும் மஞ்சள் சீஸும் சேர்ந்த இந்த ருசி, எல்லை தாண்டி டெக்சாஸ், கலிஃபோர்னியா பக்கம் வளர்ந்தது. 1962இல் கலிஃபோர்னியாவில் கிளென் பெல் ஆரம்பித்த டாக்கோ பெல் கடைகள் அதை எங்கும் கொண்டுபோயின, 2010இல் பெங்களூரு வரைக்கும் வந்துவிட்டது. மாட்டுக்கறியில் செய்துகொண்டிருந்ததைக் கொழுப்புக்குப் பயந்தவர்கள் வான்கோழிக்கு மாற்றினார்கள். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், அப்படி மாற்றியதில் அது சொந்த ஊர்ப் பக்கம் ஒரு அடி திரும்பிப் போயிருக்கிறது, ஏனென்றால் வான்கோழியை முதன்முதலில் வீட்டுப் பறவையாக்கியதே மெக்சிகோவின் பழங்குடிகள்தான். மாடும் சீஸும் ஸ்பெயின்காரர்கள் கொண்டுவந்தவை.

என் மகன் ஒரு நாள் ட்ரேயைப் பார்த்துக்கொண்டே, “இதுல எதுப்பா நம்ம ஊரு?” என்று கேட்டான். எண்ணிப் பார்த்தோம். வான்கோழி அங்கே. மிளகாய் அங்கே, தக்காளி அங்கே, மக்காச்சோளம் அங்கே, குடமிளகாய் அங்கே. மிளகாயே போர்த்துக்கீசியர் கப்பல் வந்த பிறகுதான் நமக்கு வந்தது, 1498க்கு முன்னால் உறைப்பு என்றால் நல்லமிளகுதான் என்றதும் ஆச்சியிடம் ஓடிப்போய் விசாரித்தான். “அப்பம் புளிமிளகாய் எப்பிடிச் செஞ்சிருப்பாவ?” என்று அவள் திருப்பிக் கேட்டாள், நியாயமான கேள்வி. நம் பக்கத்துக் கணக்கில் சோறு, நல்லமிளகு. தட்டாம்பயறு ஆப்பிரிக்காவிலிருந்தும் சீரகம் மேற்கே இருந்தும் வந்தவை என்றாலும் இங்கே ரொம்பக் காலத்துப் பழக்கம், அவற்றையும் சேர்த்துக்கொண்டோம். வான்கோழி இந்தியாவுக்கு வந்த கதையையும் சொன்னேன். 1612இல் கோவாவிலிருந்து முகர்ரப் கான் என்ற அதிகாரி ஜஹாங்கீர் பாதுஷாவுக்கு விசித்திரமான பறவை என்று கொண்டுபோய்க் கொடுக்க, அவர் வியந்துபோய் மன்சூர் என்ற ஓவியரைக் கூப்பிட்டு வரையச் சொன்னார், அந்தப் படம் இன்றும் லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. “பாதுஷா அதைச் சாப்பிட்டாரா?” என்றான். போனில் படத்தைக் காட்டிப் பேச்சை மாற்றினேன்.

அம்மாவை இதில் சேர்ப்பதுதான் பெரும்பாடு. புதன்கிழமை கறி சாப்பிடுவதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை, கறி எந்த உருவத்தில் வருகிறது என்பதில்தான். “எய்யா, கறின்னா கொழம்பு வையி, சோறுன்னா பொங்கி எறக்கு. இது என்ன ரெண்டுங்கெட்டானா?” என்று தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சீஸ் இல்லாத ஓரமாகப் பார்த்து, மேலே தயிரும் வெங்காயமும் நிறையப் போட்டுக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டபின் தீர்ப்பு வந்தது. “கூட்டாஞ்சோத்துல பருப்புக்குப் பதிலா கறியப் போட்டு, மேல பால்கட்டிய உருக்கி ஊத்திருக்க. அம்புட்டுத்தான?” அதைவிடச் சரியாக எந்தச் சமையல் புத்தகமும் சொல்லாது. இப்போது அவளுக்கென்று ஒரு மூலையில் சீஸ் போடாமல் விட்டு, அங்கே மட்டும் ஒரு அப்பளத்தை நொறுக்கிப் போடுகிறேன். சோள சிப்ஸை விட அப்பளம் நன்றாக இருக்கிறது என்று மகளும் அந்த மூலைக்குப் பங்கு கேட்கிறாள்.

எட்டரைக்கு வருகிறவளுக்கு என்று ஓரத் துண்டு ஒன்றை எடுத்து மூடி வைக்க வேண்டும், இல்லையென்றால் வந்ததும் முதல் கேள்வி, “ஏங்க, மொறுமொறுன்னு இருக்க ஓரத்தையெல்லாம் யாரு சுரண்டுனது?” அவளுக்குச் சூடு பண்ணுவது தோசைக்கல்லில் மூடி போட்டு ஐந்து நிமிடம், மைக்ரோவேவில் வைத்தால் சோறு விறைத்துக்கொள்கிறது.

மிஞ்சினால் மறுநாள் காலை தோசைக்குள் வைத்து மடித்துவிடலாம், வியாழக்கிழமை டிபன் பாக்ஸ் ஆயிற்று. வதக்கிய கறியை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தால் சப்பாத்தி ரோலுக்கும் ஆகும். அரைத்த பச்சைக்கறி கீழ்த்தட்டில் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது, ஃப்ரீசரில் மூன்று நான்கு மாதம் இருக்கும், கரண்ட் நீண்ட நேரம் போய் இளகிச் சூடேறிவிட்டால் மறுபடி உறையவைக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். எலும்பைக் கொட்டாதீர்கள், நல்லமிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ரசமாக வைத்தால் வான்கோழி எலும்புக்கு நல்ல சாறு இறங்கும், அதை அம்மாவே வைத்துவிடுவாள். சீவலப்பேரி அண்ணாச்சியிடம் இந்தத் தடவை பெட்டையாகப் பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். சேவலை விட எடை குறைவு, கறி இளசு, ஃப்ரீசரிலும் இடம் மிச்சம்.